ஈரம் பட்டால் மக்கர் செய்யும் ஏடிவி: காய்வதற்குள் பிடித்துவிடுங்கள்

எங்கள் மாந்தோப்பு காவேரிப்பட்டணத்துக்கு வெளியே இருக்கிறது. மருந்து டேங்கு இழுக்க, சொட்டுநீர்க் குழாய்ச் சுருள்களை ஏற்றிப் போக, காய் பறிக்கிற நாட்களில் கிரேட்டுகளைப் பாதை வரைக்கும் கொண்டுவந்து சேர்க்க என்று ஒரு பழைய 150 சிசி ஏடிவியை, அதாவது நாலு சக்கர பைக்கை, செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். வெயில் நாளில் தங்கமான வண்டி. சித்திரையில் ஒரு கோடை மழை இறங்கினால் போதும், தோப்புக்குள் இரண்டு வரிசை தாண்டுவதற்குள் திக்க ஆரம்பிக்கும், ஆக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்கப் படபடவென்று அடித்து அடங்கிப்போகும். தள்ளிக்கொண்டு வந்து கொட்டகையில் விட்டால் மறுநாள் காலையில் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும்.

ஒரு பட்டறையில் மூன்று தடவை கார்ப்ரேட்டரைக் கழற்றி மாட்டினார்கள். ஜெட் மாற்றினார்கள், பிளக் மாற்றினார்கள், காசும் வாங்கினார்கள். ஒவ்வொரு தடவையும் வண்டி அங்கே நன்றாகத்தான் ஓடியது, ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் அது காய்ந்த பிறகுதான் அங்கே போய்ச் சேர்ந்தது. இந்தக் கோளாறில் புதிதாக மாட்டிக்கொள்கிறவர்கள் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டியது இதுதான்: ஈரத்தில் வரும் கோளாறை ஈரத்தில்தான் கண்டுபிடிக்க முடியும். காயவைத்துவிட்டுத் தேடினால் ஒன்றும் சிக்காது. மழையில் வண்டி மக்கர் செய்தால் அன்றைக்கே, அந்த நனைந்த நிலையிலேயே பாருங்கள். முடியாவிட்டால் நாமே கொஞ்சம் கொஞ்சமாக நனைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு வழி இருக்கிறது, கீழே விரிவாகச் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. இதைப் படிக்காமல் தாண்டிப் போகாதீர்கள்.

தண்ணீருக்குள் நின்றுபோனால் செல்ஃப் அடிக்காதீர்கள்

போன ஐப்பசியில் தளி பக்கம் ரோஜாப் பண்ணையில் வேலை செய்கிற தம்பி ஒருவன் சாயங்காலம் போன் செய்தான்.

“அண்ணா, ஓடையைத் தாண்டும்போது வண்டி டக்குன்னு ஆஃப் ஆயிடுச்சுங்க. செல்ஃப் அடிக்கட்டுங்களா?”

“அடிக்காத தம்பி, சாவிய எடுத்துரு. தண்ணி எதுவரைக்கும் இருந்துச்சு?”

“சீட்டுக்குக் கொஞ்சம் கீழங்கண்ணா.”

சீட்டுக்குக் கொஞ்சம் கீழே என்றால் எஞ்சினுக்குக் காற்று போகிற ஏர் பாக்ஸின் வாய் தண்ணீரில் முங்கியிருக்கும் என்று அர்த்தம். எஞ்சின் தண்ணீரை உறிஞ்சியிருந்தால், சிலிண்டருக்குள் பிஸ்டனுக்கு மேலே அந்தத் தண்ணீர் நிற்கும். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. செல்ஃப் மோட்டார் பலமாகச் சுற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துபோகும், அப்புறம் அது எஞ்சினைப் பிரிக்கிற வேலை. அதனால் திக்கித் திக்கி நிற்காமல் தண்ணீருக்குள் ஒரே அடியாக நின்றுபோன வண்டியை முதலில் கரைக்குத் தள்ளுங்கள், பெட்ரோல் காக்கை, அதாவது டேங்கிலிருந்து வரும் பெட்ரோலைத் திறந்து மூடுகிற திருகை, மூடுங்கள், பிளக்கைக் கழற்றுங்கள். பிளக் கேப்பில் ஒரு பழைய பிளக்கைச் சொருகி, பிளக் ஓட்டையிலிருந்து நன்றாகத் தள்ளி, எஞ்சின் இரும்பில் படும்படி வையுங்கள். ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவியும் வரும், பக்கத்திலேயே பொறி அடித்தால் தீப்பிடிக்கும் என்பதால்தான் தள்ளி வைக்கச் சொல்கிறேன். இப்போது செல்ஃபைக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஓட்டை வழியாகச் சீறிக்கொண்டு வெளியே வரும். முகத்தை அங்கே நீட்டாதீர்கள். தண்ணீர் வருவது நின்ற பிறகு சிலிண்டருக்குள் நாலைந்து சொட்டு எஞ்சின் ஆயில் விட்டு, பிளக்கைத் துடைத்து மாட்டலாம்.

இதோடு ஆயிலையும் பாருங்கள். டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது, அந்த ஆயிலோடு ஓட்டக் கூடாது. வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றி, சில நிமிடம் ஐட்லிங்கில் ஓடவிட்டு, அதையும் வடித்து மறுபடி ஊற்ற வேண்டும். நிறம் இன்னும் வெளுத்திருந்தால் மூன்றாவது தடவையும் மாற்றுங்கள். ஆயில் செலவைப் பார்த்தால் பேரிங் போய்விடும்.

அந்தத் தம்பிக்கு நான் இன்னொன்றும் சொன்னேன்: வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஊருக்குள் போய்விடு என்று. ராகி முற்றுகிற நாட்களில் பன்னேர்கட்டா காட்டுப்பக்கமிருந்து யானைகள் ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை வரைக்கும் வருஷா வருஷம் இறங்கி வருகின்றன. இருட்டுகிற நேரத்தில் காட்டோரத்தில் பிளக்கைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. வண்டியைக் காலையில் வந்து எடுத்துக்கொள்ளலாம். நம் பக்கத்தில் இந்தக் கோளாறைச் சரிசெய்து வைத்துக்கொள்வது சும்மா ஒரு வசதிக்காக இல்லை என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம்.

எப்படி மக்கர் செய்கிறது என்று முதலில் கவனியுங்கள்

ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் இரண்டு நிமிடம் வண்டி என்ன செய்கிறது என்று பாருங்கள். வேலையில் பாதி இங்கேயே முடிந்துவிடும்.

ஐட்லிங்கில் ஒழுங்காக நிற்கிறது, ஆக்சிலேட்டர் கொடுத்தால் அல்லது ஏற்றத்தில் ஏறினால் மட்டும் மிஸ்ஸிங் அடிக்கிறது என்றால் பெரும்பாலும் பிளக்குக்குப் போகிற கரண்ட் வழியில் எங்கேயோ கசிகிறது. ஈரத்தில் நான் பார்த்த வண்டிகளில் அதிகம் இதுதான். தண்ணீருக்குள் இறங்கியதும் பெட்ரோல் தீர்ந்துபோன மாதிரி மெல்ல அடங்கி, மேட்டுக்கு வந்து கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிட்டால் கார்ப்ரேட்டர் காற்றுக் குழாயைச் சந்தேகப்படுங்கள். சைலன்ஸரில் கறுப்புப் புகை வந்து, மூச்சு முட்டுகிற மாதிரி இழுக்காமல் ஓடினால் ஏர் ஃபில்டர் நனைந்திருக்கிறது. எஞ்சின் சத்தம் கணீரென்று ஏறுகிறது, வண்டி மட்டும் நகரவில்லையா? அப்படியென்றால் எஞ்சினைத் தொடவே வேண்டாம், எஞ்சின் சுற்றுவதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற பெல்ட் ஈரமாகி வழுக்குகிறது. மழை விட்டு அரை நாள் கழிந்தும் திக்குகிறது என்றால் பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கலாம்.

இவை ஒன்றோடொன்று சேர்ந்தும் வரும், அதனால் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைப் பிடித்துத் தொங்க வேண்டாம். ஆனால் எங்கே ஆரம்பிப்பது என்பதற்கு இது போதும்.

ஸ்ப்ரே பாட்டில் சோதனை

செடிக்குத் தண்ணீர் தெளிக்கிற அல்லது சலூனில் வைத்திருக்கிற சின்ன ஸ்ப்ரே பாட்டில் ஒன்று போதும். அதில் போர்வெல் தண்ணீரை நிரப்புங்கள். சுத்தமான மழைத் தண்ணீரில் மின்சாரம் அவ்வளவாகப் பாயாது, கரைந்திருக்கும் உப்புதான் அதைக் கடத்துகிறது. கிருஷ்ணகிரி, தர்மபுரி போர்வெல் தண்ணீர் எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும், ஃப்ளோரைடு தொந்தரவுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. குடிக்க ஆகாத அந்தத் தண்ணீர் இந்தச் சோதனைக்கு நன்றாக உதவும். மழையில் மட்டும் ஏன் கோளாறு வருகிறது என்று கேட்டால், வயர் மேலும் கேப் மேலும் படிந்திருக்கும் செம்மண் புழுதியில் உப்பு இருக்கிறது, மழைத்துளி அதைக் கரைத்துக்கொண்டு கரண்டுக்குப் பாதை போட்டுக் கொடுக்கிறது.

சோதனையை இரவில் செய்யுங்கள். கொட்டகைக்குள் வேண்டாம், வெளியே திறந்த இடத்தில், புகை நிற்காத இடத்தில். பெட்ரோல் எங்கேயும் கசியவில்லை என்று பார்த்துவிட்டு, நியூட்ரலில் பார்க்கிங் பிரேக் போட்டு, ஸ்டார்ட் செய்து, விளக்குகளை அணைத்துவிடுங்கள். ஒரு ஆள் ஆக்சிலேட்டரில் நிற்கட்டும். இன்னொருவர் தெளிக்கட்டும். எல்லா இடத்திலும் ஒரேயடியாகத் தெளித்தால் எதனால் திக்கியது என்று தெரியாது. ஒரு இடத்தில் இரண்டு மூன்று தெளிப்பு, ஒரு நிமிடம் காத்திருந்து, ஆக்சிலேட்டரைப் படக்கென்று திருகி விடுவது, அப்புறம் அடுத்த இடம். நான் போகிற வரிசை: முதலில் பிளக் கேப், அடுத்து கேப்பிலிருந்து காயில் (பொறிக்கு வேண்டிய அதிக வோல்ட்டைத் தருகிற பகுதி) வரைக்கும் போகிற தடித்த வயர், அடுத்து காயில், பிறகு பொறி அடிக்கும் நேரத்தைக் கவனிக்கிற சிடிஐ பெட்டியும் அதன் கப்ளரும் (வயர்களை இணைக்கிற சொருகி), கடைசியாக ஹேண்டில் பாரில் உள்ள சுவிட்சுகள்.

ஆக்சிலேட்டரைப் படக்கென்று திருகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஐட்லிங்கில் சிலிண்டருக்குள் போகிற காற்று குறைவு, அழுத்தம் குறைவு, அதனால் பிளக் முனையில் பொறி சுலபமாகத் தாவிவிடும். ஆக்சிலேட்டர் திறந்ததும் காற்று நிறையப் போகிறது, அந்த அழுத்தத்தில் பொறி தாவ இன்னும் அதிக வோல்ட் வேண்டும். பல ஆயிரம் வோல்ட் கரண்ட் தனக்குச் சுலபமான வழியைத்தான் தேடும். கேப்பில் ஒரு மயிரிழை விரிசல் ஈரமாக இருந்தால் பிளக் முனையை விட்டுவிட்டு அந்த விரிசல் வழியாக எஞ்சின் இரும்பில் இறங்கிவிடும். இதே காரணத்தால்தான் பிளக்கை வெளியே எடுத்து வைத்துப் பொறி வருகிறதா என்று பார்ப்பதை மட்டும் நம்பாதீர்கள் என்கிறேன், வெளிக்காற்றில் பொறி நன்றாகவே வரும்.

என் வண்டியில் கேப்பின் கழுத்தில் தெளித்த இரண்டாவது தெளிப்பிலேயே பிடிபட்டது. ஆக்சிலேட்டரைத் திருகியதும் கேப்பிலிருந்து சிலிண்டர் ஹெட்டின் இறக்கைக்கு நூல் இழை மாதிரி நீல வெளிச்சம் ஒன்று தாவித் தாவி விழுந்தது, ஒவ்வொரு தாவலுக்கும் டிக் டிக் என்று ஒரு சத்தம். காலையில் கழற்றிப் பகல் வெளிச்சத்தில் பார்த்தால் கேப் புதுசு மாதிரிதான் இருக்கிறது. விரலால் கொஞ்சம் வளைத்துப் பிடித்த பிறகுதான் அந்தக் கீறல் வாயைத் திறந்தது. இதற்காகத்தான் மூன்று தடவை கார்ப்ரேட்டரைப் பிரித்திருந்தார்கள்.

எஞ்சின் ஓடும்போது அந்த வயரையோ கேப்பையோ கையால் தொடாதீர்கள், பலமாக ஷாக் அடிக்கும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்தச் சோதனைக்குப் பக்கத்திலேயே வர வேண்டாம்.

பிளக், கேப், வயர்: சரிசெய்யும் விதம்

எஞ்சின் ஆறட்டும். பிளக்கைக் கழற்றுவதற்கு முன்னால் அதைச் சுற்றி இருக்கும் சேற்றையும் மணலையும் ஊதிச் சுத்தம் செய்யுங்கள், இல்லாவிட்டால் கழற்றும்போது மணல் சிலிண்டருக்குள் விழும். பஞ்சர் கடையில் காற்று பிடித்து ஊதிவிட்டால் நல்லது. பிளக் ஒரு குழிக்குள் உட்கார்ந்திருக்கும் எஞ்சின்களில் தண்ணீர் வடிந்து போக ஹெட்டில் ஒரு சின்ன ஓட்டை வைத்திருப்பார்கள், அதைத் தேடிப் பாருங்கள். அனேகமாகச் சேறு அடைத்திருக்கும். மெல்லிய கம்பியால் குத்திவிட்டால் குழியில் தண்ணீர் தேங்குவது நின்றுவிடும். இந்த ஓட்டையைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

பிளக்கின் வெள்ளைப் பீங்கானில், மேல் முனையிலிருந்து கீழே இரும்பு வரைக்கும் பென்சிலால் கோடு போட்ட மாதிரி ஒரு கறுப்புக் கோடு தெரிகிறதா? அது அழுக்கு இல்லை, கரண்ட் அந்த வழியாக ஓடி ஓடி எரிந்த தடம். துடைத்தால் போகாது. கேப்பின் உட்புறமும் அதே மாதிரி தடம் இருக்கும், இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுத்துவிடும்.

என் வண்டியில் இருப்பது மாதிரியான 150 சிசி பெல்ட் எஞ்சின்களிலும், 110, 125 சிசி சின்ன ஏடிவிகளிலும் அனேகமாக என்ஜிகே சி7எச்எஸ்ஏ வகைப் பிளக்தான் போட்டிருப்பார்கள், ஆனாலும் கடைக்குப் போகும்போது பழைய பிளக்கைக் கையோடு எடுத்துப்போங்கள். முனை இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர் வரை இருக்கட்டும். இடைவெளி கூடக்கூடப் பொறி தாவ அதிக வோல்ட் கேட்கும், ஈரத்தில் கசிவதற்கு நாமே உதவி செய்கிற மாதிரி ஆகிவிடும்.

கேப் வயரில் ஸ்க்ரூ மாதிரி திருகித்தான் ஏறியிருக்கும். இடப்பக்கமாகத் திருகினால் கழன்று வரும், பிடித்து இழுக்காதீர்கள். வயர் முனையைப் பாருங்கள். உள்ளே இருக்கும் செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தால் அரை சென்டிமீட்டர் வெட்டி எறிந்துவிட்டு, பளபளப்பான கம்பி தெரிகிற இடத்தில் புதுக் கேப்பைத் திருகுங்கள். வயர் நீளம் அதற்கு இடம் கொடுக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கேப் வாங்கும்போது இரண்டு பக்கமும் ரப்பர் உறை உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள், வயர் நுழைகிற பக்கத்து ரப்பர்தான் முக்கியம், ஏனென்றால் வயர் வழியாக வழிந்து வரும் தண்ணீர் அங்கேதான் உள்ளே போகிறது. மாட்டுவதற்கு முன் இரண்டு ரப்பருக்கும் உள்புறம் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் என்று கிடைக்கிற சிலிக்கான் கிரீஸைக் கொஞ்சம் தடவுங்கள். பேரிங்குக்குப் போடுகிற சாதாரண கிரீஸ் ரப்பரை ஊறவைத்துக் கெடுத்துவிடும், அது வேண்டாம்.

டபிள்யூடி-40 அடித்தால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். வழியில் நின்றுபோனால் அடிக்கலாம், நல்லதுதான். அந்தப் பெயரே தண்ணீரை விலக்குகிற கலவையின் 40வது முயற்சி என்பதிலிருந்து வந்ததுதான், அதனால் ஈரத்தை விரட்டும். ஆனால் விரிசலை அது மூடாது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சேரலாம், அடுத்த மழையில் அதே இடத்தில் நிற்பீர்கள். அடித்தால் ஆவி போகும் வரை கொஞ்ச நேரம் விட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும், அது எரியக்கூடியது.

சுவிட்சும் கப்ளரும்

கேப்பும் வயரும் நன்றாக இருந்தும் தெளித்தால் நிற்கிறது என்றால் அடுத்து எஞ்சினை நிறுத்துகிற சிவப்பு சுவிட்ச். இந்த மாதிரி சின்ன ஏடிவிகள் பலவற்றில் சுவிட்சை அமுக்கினால் சிடிஐயிலிருந்து வரும் ஒரு வயர் எர்த் ஆகும், எஞ்சின் நிற்கும். சுவிட்சுக்குள் தண்ணீர் புகுந்தால் நீங்கள் அமுக்காமலே அது பாதி அமுக்கின நிலையில் இருக்கும். கறுப்பில் வெள்ளைக் கோடு போட்ட வயராகத்தான் பெரும்பாலும் இருக்கும், வண்டியின் வயரிங் படத்தில் சரிபார்த்துவிட்டு சிடிஐ பக்கம் அதைக் கழற்றி டேப் சுற்றி வையுங்கள். இப்போது வண்டி ஈரத்திலும் ஒழுங்காக ஓடினால் கோளாறு சுவிட்சில். ஆனால் அந்த வயர் கழன்றிருக்கும் வரை சாவியும் சுவிட்சும் எஞ்சினை நிறுத்தாது, பெட்ரோல் காக்கை மூடி அல்லது வயரைத் திரும்ப மாட்டித்தான் நிறுத்த வேண்டும். சோதனைக்கு மட்டும் செய்யுங்கள், அப்படியே விட்டுவிட்டு ஓட்டாதீர்கள். வண்டி கவிழ்ந்தால் உயிர் காக்கிற சுவிட்ச் அது.

கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி உள்ளே பாருங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, காயவிட்டு, அதே சிலிக்கான் கிரீஸ் தடவி மாட்டலாம். எஞ்சினிலிருந்து சேஸுக்குப் போகும் எர்த் வயரின் போல்ட்டைக் கழற்றி அடியில் இருக்கும் துருவை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு இறுக்குங்கள். கார்ப்ரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீச்சிவிடுகிற எஃப்ஐ வண்டி என்றால் இந்தக் கப்ளர் வேலைதான் உங்களுக்கு முக்கால்வாசி வேலை. எஞ்சின் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் வைத்திருக்கிற பட்டறைக்குப் போய்விடுங்கள்.

பெட்ரோலும் காற்றுக் குழாயும்

கார்ப்ரேட்டர் அடியில் ஒரு வடிகால் ஸ்க்ரூ இருக்கும். கண்ணாடி பாட்டிலை அடியில் பிடித்து, ஸ்க்ரூவைத் தளர்த்தி, கொஞ்சம் பெட்ரோலைப் பிடித்து, பத்து நிமிடம் ஆடாமல் வையுங்கள். அடியில் தனிப் படலமாகவோ முத்து முத்தாகவோ நின்றால் தண்ணீர். பெட்ரோலைவிடத் தண்ணீர் கனம், அதனால் அடியில் போய் உட்காரும், பெட்ரோல் ஏறுகிற சின்னத் துளையான மெயின் ஜெட்டும் கார்ப்ரேட்டரின் பெட்ரோல் கிண்ணத்தின் அடிப்பக்கத்தில்தான் இருக்கிறது, எஞ்சின் அந்தத் தண்ணீரை முதலில் உறிஞ்சும். இப்போது பங்கில் கிடைப்பது எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், ஒரு அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். மழைக்காலம் முழுக்கக் கேனில் பெட்ரோல் வாங்கி வைத்துக்கொள்கிற பழக்கம் தோப்புக்காரர்கள் எல்லோருக்கும் உண்டு, அதை விட்டுவிடுங்கள். தண்ணீர் தெரிந்தால் டேங்கையும் முழுதாக வடித்துத்தான் ஆக வேண்டும், கார்ப்ரேட்டரை மட்டும் வடித்தால் பத்து நிமிடத்தில் மறுபடி வந்துவிடும். டேங்க் மூடியின் ரப்பர் வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். தண்ணீர் அனேகமாக அந்த வழியாகத்தான் வந்திருக்கும்.

காற்றுக் குழாய் விஷயம் வேறு. கார்ப்ரேட்டர் கிண்ணத்துக்குள் வெளிக்காற்றின் அழுத்தம் இருந்தால்தான் பெட்ரோல் ஜெட் வழியாக மேலே ஏறும். அதற்காக ஒன்றிரண்டு மெல்லிய ரப்பர் குழாய்கள் கார்ப்ரேட்டரின் பக்கவாட்டிலிருந்து கீழே தொங்கும். அதன் நுனி தண்ணீரில் முங்கினால் காற்று நின்றுவிடும், பெட்ரோலும் நின்றுவிடும். வெளியே வந்து நுனி வடிந்ததும் ஒன்றும் நடக்காத மாதிரி ஓடும். சரிசெய்வது சுலபம்: அந்தக் குழாயில் T வடிவத்தில் இருக்கும் ஒரு டீ இணைப்புப் போட்டு, ஒரு கிளையைச் சீட்டுக்கு அடியில் உயரமான இடத்துக்குக் கொண்டுபோய், நுனி கீழ்நோக்கி வளைந்திருக்கும்படி கட்டிவிடுங்கள். மடங்கி அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மீன் தொட்டிக்குப் போடுகிற டீ இந்த வேலைக்குச் சரிப்படாது, பெட்ரோல் தாங்குகிற டீயாகவும் குழாயாகவும் வாங்குங்கள். கிண்ணத்தின் அடியிலிருந்து வரும் வடிகால் குழாயைத் தொட வேண்டாம், அது கீழேதான் இருக்க வேண்டும்.

ஏர் பாக்ஸ், பெல்ட்

ஏர் பாக்ஸைத் திறந்து பாருங்கள், அடியில் தண்ணீர் நின்றால் வடிகால் மூக்கை அமுக்கி வெளியேற்றுங்கள். நுரை ஃபில்டரைப் பெட்ரோலில் கழுவாமல் சோப்புத் தண்ணீரில் கழுவி, முறுக்காமல் பிழிந்து, நிழலில் காயவைத்து, ஃபில்டர் ஆயில் போட்டுத் திரும்ப மாட்டலாம். காகித ஃபில்டர் நனைந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குங்கள். ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டினால் இழுக்கிறதே என்று அப்படியே விட்டுவிட வேண்டாம், நம் செம்மண் தூசி ஒரு சீசனில் பிஸ்டன் ரிங்கைத் தின்றுவிடும்.

பெல்ட் நனைந்தால் பெல்ட் கேஸின் அடியில் வடிகால் ஸ்க்ரூ இருக்கிறதா என்று பார்த்து வடியுங்கள். அப்புறம் நியூட்ரலில் போட்டு எஞ்சினை மெல்ல ஏற்றி இறக்கிக் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் உள்ளே சுற்றுகிற காற்றே காயவைத்துவிடும். வழுக்கும்போது பிடிவாதமாக ஆக்சிலேட்டர் கொடுத்தால் பெல்ட் கருகும். திரும்பத் திரும்பத் தண்ணீர் புகுந்தால் கேஸ் மூடியின் கேஸ்கெட்டும், காற்று உள்ளே வருகிற குழாயின் கிளிப்பும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று. மழையே இல்லாமல், வாட்டர் சர்வீஸ் விட்டு வந்த அன்று மட்டும் மக்கர் செய்கிறது என்று வருகிறவர்களும் நிறைய. கோளாறு அதேதான், பிரஷர் கன் தண்ணீரை மழை போகாத இடத்துக்கெல்லாம் ஏற்றிவிடுகிறது. ஹேண்டில் பார், சிடிஐ, ஏர் பாக்ஸ் மேல் நேராகப் பீச்ச வேண்டாம் என்று சொல்லுங்கள். அல்லது வீட்டிலேயே வாளியும் துணியும் வைத்துக் கழுவுங்கள், நான் அப்படித்தான் செய்கிறேன்.

எல்லாம் மாட்டி முடித்த பிறகு, முடிந்துவிட்டது என்று கொட்டகையில் விடாதீர்கள். அன்று இரவே அந்த ஸ்ப்ரே பாட்டில் சோதனையை மறுபடி முழுதாகச் செய்யுங்கள், இந்தத் தடவை தாராளமாக நனைக்கலாம். மறுநாள் உங்கள் நிலத்திலேயே தண்ணீர் தேங்குகிற ஒரு பள்ளத்தில், ஃபுட்ரெஸ்டுக்கு மேல் தண்ணீர் ஏறாத அளவுக்கு, மெதுவாக ஒரு தடவை போய் வாருங்கள். ஆற்றுப் படுகையிலும் காப்புக்காட்டு ஓடைகளிலும் போய் இதைச் சோதிக்க வேண்டாம், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கத்துக் காடுகளில் 2014ல் அறிவித்த காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமும் இருக்கிறது, வழக்கில் மாட்டிக்கொள்வீர்கள். கரையேறியதும் பிரேக்கை லேசாகப் பிடித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டுங்கள், நனைந்த பிரேக் முதல் பிடிக்கு நிற்காது. பிறகு எஞ்சினை அணைத்து, ஏர் பாக்ஸ் மூடியைத் திறந்து விரலை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். விரல் காய்ந்து வந்தால் மூடியை மாட்டிவிட்டு மருந்து டேங்கைக் கோத்துக்கொள்ளலாம்.